தோளில் இருந்த கை

நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். இது என் கடையில், என் கண் முன்னால் நடந்தது. நான் குடிப்பதும் இல்லை, பகலில் கனவு காண்பதும் இல்லை.

பெர்னிக் நகரத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சுக்கடை இருக்கிறது. எங்கள் பக்கம் யார் இறந்தாலும் படத்தோடு ஓர் அஞ்சலித் தாள் அடித்து, அவர்கள் வீட்டு வாசற்கதவில் ஒட்டுவோம். அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தனிப் படம் இல்லாதவர்கள் குடும்பப் படத்தைக் கொண்டுவருவார்கள். இறந்தவரை மட்டும் வெட்டி எடுப்பேன். எப்போதும் யாருடைய கையாவது தோளில் மிச்சமிருக்கும். அதை அழித்துவிடுவேன்.

அது டிசம்பர் மாதம், நல்ல மூடுபனி. காலையில் கடை திறக்க வந்தபோது குப்பைத்தொட்டி அருகே சட்டம் போட்ட படம் ஒன்று கிடந்தது. அப்பா, அம்மா, நடுவில் ஏழெட்டு வயதுப் பையன். சட்டம் நன்றாக இருக்கிறதே என்றுதான் எடுத்தேன். ஆனால் அந்தப் பையனின் சிரிப்பு... என் மகன் காமெனும் சின்ன வயதில் அப்படித்தான் சிரிப்பான். இப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. போதை ஊசி அவனைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் விற்க எதையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. முந்தின வாரம்தான் அவன் நுழைய முடியாதபடி வீட்டுப் பூட்டை மாற்றியிருந்தேன். எல்லோரும் அதைத்தான் செய்யச் சொன்னார்கள். பெற்ற வயிறு மட்டும் கேட்கவில்லை.

மாலை நாலே கால் இருக்கும். விளக்கு ஒருமுறை மினுக்கியது. கடை வாசலில் கட்டியிருந்த மணி அடிக்கவில்லை... ஆனால் ஒரு பெண் என் எதிரில் நின்றாள். காலில் வீட்டுக்குள் போடும் துணிச்செருப்பு. வெளியே பனிச்சேறு. செருப்பில் துளி ஈரம் இல்லை.

"அது எங்க படம்," என்றாள். "என் மகனுக்குத் தாள் அடிச்சுக் குடு. பேரு வெலிஸ்லாவ். இருபத்தாறு வயசு."

"இதுல குழந்தையா இருக்கானேம்மா. பெரியவனான படம் இல்லையா?"

"இல்ல. கேமராவ வித்துட்டான்."

படத்தை ஸ்கேனரில் வைத்துத் திரைக்கு எடுத்தேன்.

பையனை வெட்டி எடுத்தேன். தோளில் ஒரு கை. விரலில் மெல்லிய மோதிரம். அழித்தேன். அச்சில் கை இருந்தது. மறுபடியும் அழித்தேன். திரையில் இல்லை.

தாளில் இருந்தது.

"இருக்கட்டும் விடு," என்றாள். "அத எடுக்காத."

கடை சில்லிட்டது.

"வீட்டுக்குப் போ. உன் வாசல்ல உக்காந்திருக்கான்."

"யாரு?"

நிமிர்ந்தேன். யாரும் இல்லை.

ஓடினேன்.

படியில் காமென். என் கதவில் சாய்ந்து... உதடு நீலம்.

மூச்சு... இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டான். மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் கேட்டது இதைத்தான்.

"யாரும்மா அந்த அம்மா?"

"எந்த அம்மாடா?"

"தோளப் பிடிச்சு உலுக்கிக்கிட்டே இருந்தாங்களே... தூங்காதடா, தூங்காதடான்னு. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதேன். புதுச் சாவி ஒன்றை அவன் கையில் வைத்தேன். விற்க இனி என்ன இருக்கிறது?

பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, குப்பைத்தொட்டிக்கு எதிரே இருந்த அடுக்கு வீட்டில் விசாரித்தேன். தரைத்தளத்தில் குடியிருக்கும் தோப்ரின்கா தாளில் இருந்த படத்தைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நாலாம் மாடி ஸ்வெத்லாவோட பையன்டி இது. வீட்ட வாங்கினவங்க முந்தாநேத்துதான் சாமானையெல்லாம் வெளிய எறிஞ்சாங்க. புருஷன் எப்பவோ போயிட்டான். பையன் அவ கதவுக்கு வெளியதான் செத்துக் கெடந்தான், மூணு வருஷம் ஆச்சு. அவன் தட்டத் தட்ட இவ திறக்கல. திருந்தட்டும்னு உள்ளயே உக்காந்திருந்தா பாவி. அப்புறம் பத்து நாள் அந்தப் படிய விட்டு எழுந்திருக்கல. துணிச்செருப்போட அங்கயே போயிட்டா. ரெண்டு பேருக்கும் தாள் ஒட்ட நாதியில்ல."

அந்த அடுக்கு வீட்டின் வாசற்கதவில் வெலிஸ்லாவின் தாளை நானே ஒட்டினேன். கடைக்குத் திரும்பி, சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

பையன் தோளில் கையே இல்லை. அப்பாவின் கைகள் சட்டைப்பையில் இருந்தன. ஸ்வெத்லா இரண்டு கைகளாலும் தன் கைப்பையைப் பிடித்திருந்தாள்.