எட்டாவது பாட்டு

பத்துமலை நல்லவன் என்று எழுத எனக்கும் ஆசைதான். முழுக்க அப்படி எழுத முடியாது. பாட்டு என்று வந்துவிட்டால் அவனுக்குத் தாயும் தெரியாது, தகப்பனும் தெரியாது.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது படிப்பை விட்டுவிட்டு, ஈப்போவில் மரக்கடை லோரியில் ஏறினான். சனி ஞாயிறுகளில் எங்கள் கல்யாண பேண்டில் கித்தார் வாசித்தான். நான் டிரம்ஸ். நாங்களெல்லாம் சினிமாப் பாட்டை வாசித்தோமா, பிரியாணியைத் தின்றோமா என்று இருந்தோம். அவன் மட்டும் சொந்தமாகப் பாட்டுக் கட்டினான். தப்பு மேளத் தாளத்துக்கும் கும்மி மெட்டுக்கும் எலக்ட்ரிக் கித்தாரை இரைய விட்டு, வேலை போன தோட்டத்து ஆட்களைப் பற்றி அவன் பாடினால் உடம்பு சிலிர்க்கும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

1982-இல் ஈப்போவில் ஒரு சீனரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டுப் பாட்டுக்கு ஏற்பாடு செய்தான். ஏழு முடிந்தது. எட்டாவதில் தன் அம்மா நல்லம்மாளின் ஒப்பாரி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அந்த வட்டாரத்தில் எந்தத் துக்க வீட்டிலும் அவர்தான் முதலில் குரல் எடுப்பார்.

"சாவு இல்லாத எடத்துல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, புத்தி இருக்கா ஒனக்கு? முடியாதுலா," என்றுவிட்டார் நல்லம்மாள்.

சாவில்லாமல் பாடிய ஒப்பாரி யாரையாவது தேடிப் போகும் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் பயம். மூன்று மாதம் நச்சரித்துப் பார்த்தான். அவர் அசையவில்லை.

நாலாவது மாதம் அவன் அப்பா சதாசிவம் மாரடைப்பில் போய்விட்டார். சாவுச் செய்தி சொல்ல மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"மச்சான், ஒன் டேப் ரெக்கார்டர் இருக்குல்ல? புது பேட்டரி போட்டு எடுத்துட்டு வா."

கொண்டு போனேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

நல்லம்மாள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு பாடினார். பத்துமலை, அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியில் ரெக்கார்டரை வைத்து, பக்கத்திலேயே குந்திக்கொண்டான். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்துவர வேண்டும், மூத்த மகன் எங்கே என்று கூப்பிட்டார்கள். போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். சத்தம் போடாதீர்கள் என்று அவன் கை காட்டியதை நல்லம்மாள் பார்த்தார். பெஞ்சுக்கு அடியில் எரிந்த சிவப்பு விளக்கையும் பார்த்தார். பாதி வரியில் நிறுத்திவிட்டார். பெண்கள் எவ்வளவோ கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. ஒப்பாரி முடியாமலே சதாசிவத்தைத் தூக்கிக்கொண்டு போனோம்.

அந்தப் பதிவை அழித்துவிட்டதாக அம்மாவிடம் சத்தியம் செய்தான். அழிக்கவில்லை. எட்டாவது பாட்டில் வைத்து, குரல் நின்ற இடத்தில் கித்தாரை அலற விட்டான். கேட்டவர்கள் அழுதார்கள். கேசட் வெளிவந்து தெலுக் இந்தான் டவுன் வரை விற்றுப் போனது.

ஒரு ஞாயிறு காலை சுங்கை சிப்புட்டில் நானும் அவனும் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தோம். கடைக்காரர் அவனுக்கு மரியாதை செய்கிறேன் என்று கேசட்டைப் போட்டார். எட்டாவது பாட்டு ஓடும்போது மார்க்கெட் பையோடு நல்லம்மாள் அந்த வழியாக வந்தார். தன் புருஷனுக்குத் தான் அழுத அழுகையை, ஆட்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்பதைப் பார்த்தார். கடைக்காரர் பதறிப்போய் நிறுத்தினார்.

"அம்மா, அட்டையில ஒங்க பேரும் போட்டிருக்கேம்மா," என்றான் பத்துமலை. மடையன்.

அவர் பையைக் கீழே வைத்தார். கூந்தலை அவிழ்த்தார். நடுக்கடையில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுத்தார். அன்றைக்கு விட்ட பாதியை முடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது வரியில்தான் பெயர் காதில் விழுந்தது.

"நான் பெத்த மகராசா, பத்துமலையே, எங்கள விட்டுப் போனியே..."

"அம்மா, நான் இருக்கேன்! இங்கதாம்மா இருக்கேன்!" அவன் அவர் முன்னால் மண்டியிட்டுக் கையைப் பிடித்தான்.

அவர் கையை உருவிக்கொண்டு மாரில் அடித்தார். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடைசி வரி வரைக்கும் பாடினார். பிறகு கூந்தலை முடிந்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். துக்க வீட்டை விட்டுப் புறப்படும்போது யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை.