அது பெஞ்சு அல்ல, பரம்பு

விழா மலரில் நம் பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் வரலாற்றை எழுதியவரே, நீங்கள் எழுதியது பொய். ஒரு பழைய பலகையின் படத்தைப் போட்டு, ‘அந்தக் கால ஆட்டக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சு’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அது பெஞ்சு அல்ல, பரம்பு. நடவுக்கு முன் சேற்று வயலைச் சமப்படுத்த மாட்டுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பலகை. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு டீ குடித்து வருவதற்குள் தண்ணீர் வடிந்துவிடுகிறதே, அந்தச் சரிவு வெளிநாட்டு நிபுணர் போட்ட திட்டமாம். எந்த நிபுணர்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அங்கே கோல் காத்தவன் நான். அப்படி ஒருவரும் வரவில்லை.

வந்தது எங்கள் கேப்டன். குமராட்சிப் பக்கம் விவசாயக் குடும்பம். சிதம்பரத்தில் படித்தாலும் கால் மட்டும் வயலிலேயே இருந்தது. அப்போது மைதானம் என்பது மேடும் பள்ளமுமான களிமண் தரை. பந்தை உருட்டினால் முயல் மாதிரி எங்கெங்கோ துள்ளும். ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் கேப்டன் வீட்டு மாட்டையும் பரம்பையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். தரை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி, சேறாக்கி, பரம்படித்தார். பலகையின் மேல் கனத்துக்கு என்னை ஏற்றினார். நான் அப்போதே குண்டு. “கெட்டியாப் புடிச்சிக்க மச்சான், உழுந்தா ஒன்னையும் சேத்துப் பரம்படிச்சிருவேன்” என்று கத்திக்கொண்டே மாட்டை விரட்டினார்.

தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதுதான் தப்பு. போதாததற்குச் சுற்றிலும் வரப்பு வேறு கட்டினார். வரப்பில்லாத நிலத்தைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஐப்பசி மழை கொட்டியது. கணுக்கால் ஆழத் தண்ணீர், ஒரு சொட்டு வெளியே போகவில்லை.

விளையாட்டுப் பொறுப்பில் இருந்த பேராசிரியர் குடையோடு வந்து பார்த்தார். யுத்த காலம், அரிசிக்கு எல்லோரும் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். “தண்ணி இவ்ளோ அழகா நிக்குதேப்பா, நாத்து வாங்கி நட்டுடலாம். ஹாஸ்டல் சோத்துக்காவது ஆவும்” என்றார். கிண்டல் என்று நினைத்தோம். இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலூர் டீமோடு ஆட்டம். அது நடந்தால் மைதானம், நடக்காவிட்டால் திங்கட்கிழமை நடவு. வரப்பை வெட்டிவிடவும் முடியாது. வெளியே வாய்க்கால் எங்கள் தண்ணீரைவிட உயரத்தில் ஓடியது.

கடலூர்க்காரர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். எல்லோர் காலிலும் பூட்ஸ். எங்களுக்கு வெறுங்கால். அவர்களில் ஒருவர் வரப்பில் நின்றுகொண்டு, “என்னா மச்சான், பந்தாட்டத்துக்குக் கூப்டீங்களா, நடவுக்குக் கூப்டீங்களா?” என்றார்.

கேப்டன் டவுசரை மடித்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டுக்குந்தான். மொதல்ல ஒங்கள நடுறோம்.”

நட்டார்! பூட்ஸெல்லாம் களிமண்ணில் புதைந்துகொண்டது. ஒருவர் காலை இழுத்தார், கால் மட்டும் வந்தது. நனைந்த தோல் பந்து பண்ருட்டிப் பலாப்பழமாய்க் கனத்தது. “உருட்டாதீங்கடா, தூக்குங்கடா!” என்று கேப்டன் தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு டீமும் ஒவ்வொரு கோல், நேரம் முடியப்போகிறது. வரப்பில் நின்ற கூட்டம் மொத்தமும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. மிதந்த பந்துக்கு அடியில் கேப்டன் பாதத்தைச் செருகினார். நாற்றுக் கட்டை வீசுகிற மாதிரி ஒரு வீச்சு. கோல்! குடையை எறிந்துவிட்டு வேட்டியோடு சேற்றில் ஓடி வந்தார் பேராசிரியர். “நடவு கெடக்கட்டும்ப்பா, கோலு, கோலு!” இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தையில் வாய்க்கால் வற்றியதும் கேப்டன் மண்வெட்டியோடு இறங்கி வரப்பை வெட்டினார். மறுபடி பரம்பு, இந்த முறை வண்டி வண்டியாய் மண் கொட்டித் தரையை வாய்க்காலைவிட உயர்த்தி, வாய்க்கால் பக்கம் சரித்து. பலகை மேல் என்னோடு பேராசிரியரும் ஏறி நின்றார். உங்கள் நிபுணரின் திட்டம் அதுதான் ஐயா.

இன்று கேலரி எழும்பியிருக்கிறது, விளக்கு எரிகிறது, சந்தோஷம். கேப்டன் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யார் கேட்பார்கள் என்று நினைத்தீர்களா? நான் கேட்கிறேன். அந்தப் பலகையைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு முனையிலும் கயிறு அறுத்த தடம் இருக்கும். பெஞ்சுக்கு எதற்குக் கயிறு? அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தின் நடுவில் நின்று, மைக்கைப் பிடித்து, கூட்டத்துக்கு எதிரில் பதில் சொல்லுங்கள்: இந்தத் தரையைச் சரித்தது யார்?