"எப்போதிருந்து" என்று கேட்ட ஞானராஜ் சார்

செய்தி வந்தபோது நான் ஒரு தட்டுக்குக் கருப்பு பூசிக்கொண்டிருந்தேன். கைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. பாதியில் தூரிகையை எடுத்தால் பூச்சில் கோடு விழும் என்பதால் முழுத் தட்டையும் முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். சாரின் மகள் ஜெபா பேசினாள். "ஆச்சி, அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே." பூச்சை விட்டு எழுந்திருந்தால் சார்தான் முதலில் கோபித்திருப்பார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சாரின் இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் சாரிடம் லேசர் மீட்டர் வாங்கியவர்கள், மீதிப் பேர் சபையில் அவரோடு ஜெபித்தவர்கள். சபையாருக்காக ஒரு வார்த்தை. மரப்பலகையில் படம் பொறிக்கவும் பொழுதுபோக்குக்கும் சின்ன லேசர் வைத்திருக்கிறவர்களுக்கு, அதன் சக்தி எத்தனை வாட் என்று அளக்க ஒரு மீட்டர் வேண்டும். கருப்புத் தட்டின் மேல் வெளிச்சம் விழும், தட்டு சூடாகும், அந்தச் சூடு நம்பராக மாறும். நம்பர் சரிதானா என்று பார்த்துத் திருத்துவதுதான் சாரின் வேலை. பாலிடெக்னிக்கில் லேப் பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கரன்கோவில் வீட்டு முன்னறையில் இதை ஆரம்பித்தார்.

நான் அதுவரை விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றினேன். கூடத்தை மூடியதும், கை நடுங்காத ஆள் வேண்டும் என்று சார் கேட்டதாகச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இதில் என்ன செய்வாள் என்று அவர் கேட்கவில்லை. முதல் நாள் நான் பூசிய பதினேழு தட்டுகளையும் திருப்பிக் கொடுத்தார். பதினேழு. நான் மறக்கவில்லை. பதினெட்டாவதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல முகம் தெரியலை. இதுதான் கருப்பு" என்றார்.

காற்று பட்டால் நம்பர் ஆடும். அதனால் சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்திவிடுவார். "சார், நான் வெந்துருவேன்" என்பேன். "நம்பர் நின்னுரட்டும்மா, பிறகு வேகலாம்" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். முந்தானையால் விசிறிக்கொண்டால் அதற்கும் ஒரு பார்வை உண்டு.

அவரிடம் மாஸ்டர் என்று ஒரு மீட்டர் இருந்தது. மற்ற மீட்டர்களையெல்லாம் ஒரே வெளிச்சத்தில் அதோடு ஒப்பிட்டுத்தான் திருத்துவோம். மாஸ்டரை வாரம் ஒரு முறை அவரே சோதிப்பார். தட்டின் பின்னால் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதில் அளந்த கரண்டைச் செலுத்திச் சூடேற்றினால், கொடுத்த வாட் அப்படியே நம்பரில் வர வேண்டும். வந்துகொண்டேதான் இருந்தது.

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு சார் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாவி என்னிடம். தறிக்கூடத்தில் அன்றைக்குத் தறிக்குப் பொட்டு வைக்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டோம். இவரோ வேதக்காரர், பூஜை கிடையாது. சோறு போடுகிற கருவி வெறுமனே கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மாஸ்டருக்கு மட்டும் நடு முகத்தில், பெரிதாக. மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு தை மாதத்தில் ஒரு நாள் வாசுதேவநல்லூர் முருகையா மீட்டரும் கையுமாக வந்து நின்றார். மரத்தில் கல்யாணப் படம் பொறிக்கிறவர்.

"அண்ணாச்சி, நீங்க திருத்திக் குடுத்ததுல இருந்து என் லேசரு அஞ்சு வாட்டு இல்ல, நாலுங்குது. ஆனா பலகை மட்டும் பழைய மாதிரியே தீயுது. யாரு பொய் சொல்லுதா, பலகையா உங்க பெட்டியா?"

சார் மாஸ்டரை எடுத்தார். கரண்டு வைத்துப் பார்த்தார், சரியாக வந்தது. வெளிச்சம் வைத்துப் பார்த்தார், குறைந்தது. அப்படியானால் உள்ளே பழுதில்லை, முகத்தில்தான். தட்டைச் சாய்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நடுவில் வெளிறிய வட்டம். வெளிச்சத்தைக் குடிக்க வேண்டிய கருப்பு, வட்டத்தளவுக்குத் திருப்பி வீசிக்கொண்டிருந்தது.

"இந்த முகத்தை யாரு தொட்டது?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார். முருகையாவும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் தூசி தட்டுததோட சரி. முகத்தைத் தொட எனக்கு என்ன கிறுக்கா?" என்றேன்.

அன்று மாலையே சார் கைபேசியை எடுத்து உட்கார்ந்தார். மாஸ்டர் என்றைக்குக் கெட்டது என்று தெரியாததால், அந்த வருடம் மீட்டர் வாங்கிய, திருத்திக்கொண்ட ஒவ்வொருவருக்கும் சொன்னார். "உங்க மீட்டரை நம்பாதீங்க. குறைச்சுக் காட்டலாம். கண்ணாடி போடாம லேசர் பக்கம் போகாதீங்க. தப்பு என்னோடது." இரண்டு நாள் இதேதான். கரிவலம்வந்தநல்லூர் ஆள் ஒருவன் எதிர்முனையில் கத்தியது எனக்கே கேட்டது. "அப்ப எதுக்கு சார் சரிபார்த்ததுன்னு ஸ்டிக்கர் ஒட்டுதீங்க?" சார் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

மூன்றாம் நாள் சொன்னேன். "சார், ஆயுத பூஜை அன்னைக்கு நான்தான் சந்தனம் வச்சேன். மறுநா ஈரத்துணியால தொடச்சேன். சாமி கும்பிட்டதுக்குத் திட்டணும்னா திட்டுங்க."

திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "அப்ப ஆயுத பூஜைக்கு மறுநாள்ல இருந்து. சரி. அதுக்குப் பிறகு எதெல்லாம் வெளிய போச்சு?"

நோட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. யார் வந்தார்கள், என்ன சட்டை, எந்த நிறப் பெட்டி, மழை பெய்ததா என்பதெல்லாம் என்னிடம் இருந்தது. ஆறு பேர். வரிசையாகச் சொன்னேன். அவர் மற்றவர்களைக் கூப்பிட்டு, "உங்களுடையது சரி" என்று சொல்லிவிட்டு ஆறு பேரிடம் மட்டும் மீட்டரைத் திருப்பிக் கேட்டார். ஐந்து பேர் போனை எடுத்தார்கள். பனவடலிசத்திரத்துக்காரன் முதல் சுற்றிலும் எடுக்கவில்லை, இப்போதும் எடுக்கவில்லை. சார் செருப்பை மாட்டினார். நானும் பஸ்ஸில் கூடப் போனேன்.

அவன் வீட்டு மச்சில் லேசர் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் கண்ணாடி மேசை மேல் கிடந்தது. "சின்ன லேசர்தான சார், உங்க மீட்டரே ஒரு வாட்டு கூட காட்டலியே" என்றான். சார் சுவிட்சை அணைத்தார். கண்ணாடியை எடுத்து அவர் கையாலேயே அவன் மூக்கில் மாட்டினார். பிறகு சொன்னார்: "மீட்டர் கெட்டா நான் வேற குடுப்பேன் தம்பி. கண்ணு கெட்டா எங்கன போய்க் குடுப்பேன்?"

திரும்பும் பஸ்ஸில் நான் சொல்லியேவிட்டேன். "முருகையா முன்னால என்னையப் பாத்து யாருன்னு கேட்டீங்கல்லா, அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்காண்டாம்மா. அந்த ஞாபகம் இருந்ததாலதான ஆறு மீட்டரும் திரும்பி வருது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "என் தப்பும் இருக்கு. கரண்டு வச்சு மட்டும் பார்த்தேன், வெளிச்சம் வச்சுப் பார்க்கலை" என்றார். அதன் பிறகு இரண்டு மாஸ்டர் வைத்தோம். ஒன்று மூடியே இருக்கும், மாதம் ஒரு முறை மற்றதை வெளிச்சத்தில் ஒப்பிடத்தான் திறப்போம். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே மாஸ்டரின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டி, "பொட்டு இங்கன வைங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் எது பழுதானாலும் யார் என்று அவர் கேட்டதில்லை. "எப்பல இருந்து?" என்றுதான் கேட்பார். முதலில் கேட்ட "யாரு" மட்டும் என் மனதில் இன்னும் இருக்கிறது. செத்துவிட்டார் என்பதற்காக அதை நான் தள்ளுபடி செய்யப்போவதில்லை.

அடக்கம் முடிந்த மறு வாரம் ஒரு மீட்டர் சோதனைக்கு வந்தது. ராஜபாளையம் ரோட்டில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறவருடையது. ஃபேனை நிறுத்தினேன். கரண்டில் சரி, வெளிச்சத்தில் குறைவு. முகத்தைச் சாய்த்தேன். என் பூச்சுதான், ஓரமாக உரிந்திருந்தது. போன ஐப்பசியில் அடைமழை. பூச்சு காயவில்லை என்று தெரிந்தும், அவர் பஸ்ஸுக்கு நிற்கிறாரே என்று எடுத்துக் கொடுத்திருந்தேன். சாருக்குக்கூடத் தெரியாது. கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, உங்க மீட்டரு போன ஐப்பசில இருந்து குறைச்சுக் காட்டுது. ஈரத்தோட குடுத்தது நான்தான். அதுல இருந்து அளந்ததை எல்லாம் திரும்ப அளந்துக்கோங்க. நாளைக்குப் புதுசா பூசித் தாரேன்."

"அது நல்லாத்தான ஓடுது ஆச்சி, யாரு கேட்டா?" என்று சிரித்தார்.

யாரும் கேட்கவில்லை. சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். கேட்க ஆள் இல்லாவிட்டாலும், எந்த மாதத்திலிருந்து என்று சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.