முப்பது ஓடினாச் சொல்லுங்கோ

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொன்னாலைப் பாலத்தடியில் என்னைப் பாய்மரமும் பலகையுமாகக் கண்டவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பாலம் என்று சொல்வோமே தவிர, அது காரைநகருக்குக் கடலுக்குள்ளால் போகும் நீண்ட தெரு. அதன் ஒரு பக்கத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஆழமான இடத்தில் இடுப்பளவு. விழுந்தால் எழும்பி நிற்கலாம். மிதவைச் சட்டையும் போட்டுத்தான் இறங்குவேன். நீந்தத் தெரிந்த எத்தனை பேர் அந்தக் கரையில் நின்று கச்சான் கொறித்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிலெடுங்கள்.

சாமான் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஆள் நிற்கும் பலகை. அதன் நடுவில் எந்தப் பக்கமும் சாயும் பாய்மரம். பாயின் குறுக்கே கையால் பிடிக்க ஒரு தடி. பலகையின் அடியில், பின்பக்கம், மீனுக்கு இருப்பதுபோல ஒரு செட்டை. வைகாசியில் சோளகம் எழும்பினால் ஆவணி வரைக்கும் அந்தக் காற்று எங்களுடையது. தெருக்கட்டு அலையை மறித்துவிடும், காற்றை மறிக்காது. அதனால் கட்டின் மறைவில் தண்ணீர் தட்டையாகக் கிடக்க, மேலே காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். வேகமாக ஓட வேண்டும் என்றால் உலகத்தில் இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை என்று சொன்னவன் என் தம்பி.

அவன் பத்தொன்பது வயதில் டென்மார்க்குக்குப் போனவன். இருபத்தைந்து வருடம் கழித்து ஒரே ஒரு முறை வந்தான், ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதம். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மா அப்பா இருவரும் அவனைக் காணாமலே போய்விட்டார்கள். ஆகவே அவன் வந்து இறங்கியபோது அவர்களுக்கும் சேர்த்து நானே அவனைக் கட்டிப்பிடித்தேன். ஆனால் வந்தவன் என் தம்பி மாதிரி இல்லை. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்டான். தேத்தண்ணி கொடுத்தால், “நன்றி அக்கா” என்றான். சொந்த அக்காவுக்கு நன்றி! கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்கலாம் போலிருந்தது.

இரண்டாம் கிழமை, விமானத்தில் கொண்டுவந்த நீளப் பொதியை அவிழ்த்துப் பலகையைப் பாலத்தடிக்குக் கொண்டுபோனான். “அக்கா, நீங்களும் ஏறுங்கோ” என்றான். நாற்பத்தாறு வயதில், அவருடைய நீளக் காற்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டு ஏறினேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர். சுழிபுரத்தில் வெங்காயம் செய்கிறார், பலகையை லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி இறக்குவதும் அவர்தான். ஏறினேன், விழுந்தேன். திரும்ப ஏறினேன், திரும்ப விழுந்தேன். பத்தாவது தரம் பாயை விடாமல் பிடித்துக்கொண்டு நேரே தெருக்கட்டுக் கல்லை நோக்கிப் போனபோது தம்பி தண்ணீருக்குள் நின்று கத்தினான்: “விசரி! கையை விடடி! தடியை விடு!”

விட்டேன், பொத்தென்று விழுந்தேன். பைத்தியக்காரி என்று தம்பியிடம் ஏச்சு வாங்கி, எழும்பி நின்று சிரித்தேன், அழுதேன், மூக்கால் உப்புத்தண்ணீர் ஓடியது. அதற்குப் பிறகு அவன் நன்றி சொல்லவில்லை. மிச்ச நாலு கிழமையும் நாங்கள் இருவரும் அந்த முழங்கால் தண்ணீரிலேயே சீவித்தோம். பின்னேரத்தில் உடுப்பு பிழிந்துகொண்டு, சின்ன வயதில் சண்டை பிடித்த அதே விசயங்களுக்குத் திரும்பச் சண்டை பிடித்தோம்.

போகும்போது பலகையையும் பாயையும் எனக்கே விட்டுவிட்டுப் போனான். ஊர் தன் பங்குக்குக் கதைத்தது. “உவளுக்கு இந்த வயசிலை என்ன பேய்க்காத்துப் பிடிச்சதோ?” என்று ஒருத்தி என் தையல் மெசினுக்கு முன்னால் இருந்துகொண்டே கேட்டாள், நான் அவளுடைய சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருக்கும்போது. அந்தக் கையை அரை அங்குலம் இறுக்கித் தைத்துக் கொடுத்தேன். நான் நல்லவள் என்று எங்கும் சொன்னதில்லை.

அடுத்த சோளகத்திலிருந்து நானும் தம்பியும் தொலைபேசியில் ஓடத் தொடங்கினோம். அவன் தந்துவிட்டுப் போன கைமணிக்கூடு வேகத்தை அளக்கும். ஓடி முடித்து எண்ணைப் படம் பிடித்து அனுப்புவேன். அவன் அங்கே பஸ் ஓட்டுகிறான். முறை மாறும் இடைவெளியில் கேட்டுவிட்டுப் பதில் குரல் அனுப்புவான். கடலில் வேகத்தை நொட் கணக்கில் சொல்வார்கள். முதல் வருடம் எனக்குப் பத்தொன்பது நொட்.

“பாயைக் கீழை இன்னும் இழுத்துக் கட்டுங்கோ. மேல் விளிம்பு தொளதொளவெண்டு நிக்கவேணும்” என்றான்.

முப்பது வருடம் சுருக்கம் விழாமல் தைத்த கை என்னுடையது. ஒரு விளிம்பைத் தொளதொளவென்று விடு என்றால் எப்படி விடும்? ஒரு கிழமை அவன் சொல்லைக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் கோபத்தில் கயிற்றைக் காலால் உதைத்து இழுத்துக் கட்டிவிட்டு ஓடினேன். இருபத்து மூன்று. திடீரென்று வரும் காற்று மேலே தளர்ந்த துணியால் வழிந்துபோக, பாய் என்னைத் தூக்கி எறியாமல் முன்னுக்குத் தள்ளியது. துணி பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள இன்னொரு கிழமை எடுத்தது.

பிறகு சாதாழை. எங்கள் கடலடி முழுக்க அந்தப் பாசிதான். டென்மார்க் செட்டை நேராகக் கீழே நிற்பது, அதில் சாதாழை கொளுவினால் பலகை பிடரியில் பிடித்ததுபோல நிற்கும், நான் மட்டும் தொடர்ந்து பயணம் செய்வேன். காரைநகரில் கண்ணாடிநார்ப் படகு திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் செட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பின்னுக்குச் சரிச்சு வைச்சா வழுகிப்போகும் தங்கச்சி” என்று, சுறாவின் முதுகுச் செட்டை அளவில் ஒன்று செய்து தந்தார். அதை நான் மண்கடதாசியால் தேய்த்தேன், தண்ணீர் தொட்டுத் தொட்டு, விரல் நுனிக்கு ஒரு கீறலும் தட்டுப்படாமல் போகும்வரை. இருபத்தாறு.

அந்த இருபத்தாறுக்கு வந்த பதில்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தம்பியின் குரல், பின்னால் பஸ் கதவு திறக்கும் சத்தம். “இருபத்தாறோ! பொல்லாத ஆள் நீங்கள். முப்பது ஓடினாச் சொல்லுங்கோ அக்கா. வாறன்.”

நான் அதை ஒன்பது தரமோ பத்துத் தரமோ கேட்டேன். வாறன் என்கிறான். முப்பது ஓடினால் வருகிறானாம். “வா” என்று நான் அவனை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டு வருகிற வரவும் ஒரு வரவா என்று எனக்கொரு வீம்பு. இப்போது கேட்காமலே அவன் வாயால் வந்துவிட்டது. வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்த என்னவருக்கும் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டார், என் முகத்தைப் பார்த்தார், “ஓம், நல்லது” என்று திரும்ப அரியத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு இரண்டு சோளகம். மேற்கு அறைக்கு வெள்ளையடித்தேன், புது மெத்தை போட்டேன், யன்னலுக்கு நானே சீலை தைத்தேன். யாருக்கு என்று கேட்டவர்களுக்கு, “வாற ஆள் வரும்” என்றேன். பாலத்தடியில் பாய்மரத்தின் அடியை அரை அங்குலம் பின்னுக்கு வைத்தேன், பிறகு கால் அங்குலம் முன்னுக்கு. பிடிதடியைத் தோளுக்குச் சரியாக ஏற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து ஓட்டம், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இருபத்தேழு. இருபத்தெட்டு. அதற்கு மேலே பாயின் இழுவையைத் தாங்க என் உடம்பில் பாரம் காணாது. தம்பியிடம் கேட்டால், “இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ” என்று பகிடி விட்டான். நான் சாப்பிடவில்லை, தைத்தேன். உள்ளுக்குப் பன்னிரண்டு பை வைத்த தடித்த துணிச் சட்டை, பைகளுக்குள் கசூரினாக் கடற்கரை மணல், எல்லாமாக ஆறு கிலோ. எழும்பி நிற்கக்கூடிய தண்ணீர் என்றபடியால்தான் அதைப் போடத் துணிந்தேன். என்னவர் தூக்கிப் பார்த்துவிட்டு, “உதோடை விழுந்தியெண்டால் நண்டுதான் உன்னைக் கண்டுபிடிக்கும்” என்றார். இருபத்தொன்பது தசம் ஒன்று.

முப்பதுக்கு மிச்சமான அந்தத் தசம் ஒன்பது எனக்கு ஒரு வருடம் எடுத்தது. ஒவ்வொரு நாளும் ஓடிவிட்டு எண்ணைப் பார்க்கும்போது வேகத்தை நான் பார்க்கவில்லை. அவன் வர இன்னும் எவ்வளவு என்றுதான் பார்த்தேன். எனக்கு அவன் வேண்டும். அந்த மெத்தையில் காலைப் பரப்பிப் படுத்து, தேத்தண்ணிக்கு நன்றி சொல்லாமல், “விசரி” என்று என்னைக் கூப்பிட அவன் வேண்டும். என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆளில்லை.

போன ஆடியில் ஒரு பின்னேரம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அம்மி மட்டுமில்லை, ஆட்டுக்கல்லும் பறந்திருக்கும். சின்னப் பாயைக் கட்டினேன், மணல் சட்டையைப் போட்டேன், உடம்பைப் பாயோடு பிணைக்கும் இடுப்புக் கொழுக்கியை மாட்டினேன். தெருக்கட்டிலிருந்து ஒரு பாகம், இரண்டு கை விரித்த அகலம், தள்ளி, கல்லுக்குக் கிட்டவாகப் பலகையைத் திருப்பினேன். கிட்டப் போகப் போகத்தான் தண்ணீர் தட்டை, கிட்டப் போகப் போகத்தான் பயம். காற்று முதுகுப் பக்கம் வரும்வரை திருப்பி, பாயின் அடிவிளிம்பு பலகையில் படும்படி சரித்து, பின்னுக்குச் சரிந்து படுத்தேன். மேலே தெருவில் காரைநகர் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தினேன். சாரதி ஹோர்ன் அடித்தது கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. பலகை தண்ணீரில் பட்டதா என்றுகூடத் தெரியவில்லை. அந்த வேகம் பத்துச் செக்கன் அப்படியே நிற்க வேண்டும், தம்பியின் சட்டம் அது. எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன்.

முப்பது தசம் இரண்டு.

கரைக்கு வந்ததும் படம் அனுப்பினேன். என்னவர் பாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் தம்பியே கோல் எடுத்தான். ஈரக் கையால் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

“அக்கா! ஓடிட்டியளே! நான் இங்கை பஸ்ஸை ஓரமா நிப்பாட்டிப்போட்டுக் கத்துறன்!”

“அப்ப எப்ப வாறாய்?”

“எங்கை?”

“எங்கையோ? இங்கைதான். முப்பது ஓடினாச் சொல்லுங்கோ, வாறன் எண்டு நீதானேடா சொன்னனீ!”

“அக்கா” என்றான், மெல்ல. “அது... நான் போனை வைக்கேக்கை சொல்லுற வாறன்.”

எங்கள் பக்கத்தில் யாரும் “போறன்” என்று சொல்லிப் புறப்படுவதில்லை. வாசலிலும் சரி, தொலைபேசியிலும் சரி, போகிறவன் சொல்வது “வாறன்”. ஒரு நாளைக்கு இருபது தரம் நானே சொல்கிறேன், மரக்கறிக்காரனுக்கும் சொல்கிறேன். ஐம்பது வருடம் அந்தச் சொல்லோடு சீவித்தவள், இரண்டு வருடமாக அதைப் பிடித்துக்கொண்டு மணல் தைத்திருக்கிறேன். என்னவரைப் பார்த்தேன். அவர் குனிந்து ஏற்கெனவே கட்டிய கயிற்றைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முதல் நாளே விளங்கியிருக்கிறது. சொல்ல மனம் வரவில்லை.

வெட்கம் முதலில் வந்தது, கோபம் பின்னால் வந்தது. “சரி, அப்பிடிச் சொல்லேல்லைத்தான். வந்தால் என்ன? லீவு தரமாட்டினமோ?” என்றேன்.

“லீவு கிடக்கு.”

“அப்ப என்ன?”

“வரலாம் அக்கா. திரும்பிப் போகத்தான் ஏலாது.” என்றான். “முந்திப் பத்தொன்பது வயசிலை போகேக்கை ஒண்டும் விளங்கேல்லை. போன முறை விளங்கினது. எயாப்போட்டுக்குப் போற வழி முழுக்க வான் டிரைவரிட்டை நிப்பாட்டச் சொல்லுவமோ எண்டு இருந்தது. என்ரை பிள்ளையள் இங்கை. இன்னொருக்கா உங்களை விட்டிட்டு வெளிக்கிட என்னாலை முடியாது.”

இவ்வளவு காலமும் அவனுக்கு வர மனமில்லையோ என்றுதான் எனக்குப் பயம். மனமில்லை என்றால் திட்டலாம். இதை எப்படித் திட்டுவது? சட்டைப் பைகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவன் அழுகிறானா என்று கேட்கப் பயந்து, அவனுக்கு என் அழுகை கேட்கக் கூடாதென்றும் பயந்து, தொலைபேசியை வைத்துவிட நினைத்தேன்.

“சரியடா” என்றேன். “வாறன்.”

அவன் பகிடி விடவில்லை, உண்மையாகத்தான் கேட்டான்.

“எப்ப அக்கா?”