கார் புத்தகத்தின் மஞ்சள் ஓரம்

அந்தப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை விசாரித்தவர்கள் எல்லோரும் நான் ஆசைப்பட்டு வாங்கியது போலவே பேசினார்கள்.

எங்கள் தங்கச் சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, கோரமண்டல் பகுதியில் இருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மனும் கிளம்பினார். நான் அவரிடம் ஃபிட்டர். சாமான் போட மரப்பெட்டி அடிக்க என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். பீங்கான் தட்டுகளுக்கு நடுவே வைக்கோல் திணித்து, மூடி போடுகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. மேலே இருந்த புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"நீ தூக்கினு போ மேன். அமெரிக்காலேர்ந்து தம்பி அனுப்ச்சான். படிக்கிற புக்கு இல்ல, பாக்குற புக்கு."

டீப்பாய் மேல் போட்டு வைக்கிற புத்தகம் என்று அவர் மனைவி விளக்கினார். வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்துக்கொண்டே புரட்டுவார்களாம். சுரங்கம் கொடுத்த எங்கள் ஒற்றை அறை லைன் வீட்டில் டீப்பாய் போட்டால் நாங்கள் வெளியேதான் படுக்க வேண்டும். ஆனாலும் சும்மா வந்ததை யார் விடுவார்கள்? மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்தேன். பலகை போல அகலம், கருங்கல் போலக் கனம்.

உள்ளே முழுக்க அமெரிக்காவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். பக்கத்துக்கு ஒன்று. சிவப்பு, வெள்ளை, ஆகாய நீலம். ஒன்று முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு நடு முதுகில் இரண்டு பட்டை. சில படங்களில் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டியிருந்தார்கள். அதை மட்டும் நான் வெகுநேரம் பார்த்தேன். பைப் ஒவ்வொன்றும் கண்ணாடி போல மின்னியது. அதுவரை நான் ஏறிய ஒரே மோட்டார் வண்டி சுரங்க ஆம்புலன்ஸ், அதுவும் என் அப்பாவைக் கொண்டு போனபோது. எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை நீளக் காரில் உட்கார இரண்டே சீட்.

"ரெண்டு பேருக்கா இவ்ளோ பெரிய வண்டி?" என்றாள் என் மனைவி. "அமெரிக்காக்காரனுக்குப் புள்ளைங்க இல்லியா? அதுங்கள எங்க போடுவான்?"

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி வாங்குற வண்டி இது."

"அப்ப நமக்கு வயசு போயிடுச்சு. மூடி வைங்க."

மூடினேன். அப்போதுதான் அவள் பார்த்தாள். தாள்களின் ஓரம் மூன்று பக்கமும் மஞ்சளாகப் பளபளத்தது.

"இன்னாங்க இது, ஓரம் பூரா தங்கமா கீது?"

"பெரிய எடத்து சாமான். இருந்தாலும் இருக்கும்."

"நெசமாவா?"

"யாரு கண்ணுலயும் படாம அரிசி டின்னு பின்னாடி வை."

எங்கள் முட்டாள்தனம் அதுதான். லைன் வீட்டுச் சுவர் என்பது மூங்கில் தட்டியில் மண் பூசியது. அதுவும் கூரை வரை போகாது. பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் கொடுக்கலாம். வேறு ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் தங்கம் என்று பேசினால் நகை வாங்குகிறார்கள் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில், அதிலும் சாக்கில் சுற்றிக் கனமாக எதையோ கொண்டு வந்தவன் வீட்டில், தங்கத்தை மறைத்து வை என்று ஒரு குரல் கேட்டால் ஒரே அர்த்தம்தான், சுரங்கத்தில் திருடியது. துப்பு சொன்னவனுக்கு இனாம் வேறு உண்டு.

ஒரு வாரம் போவதற்குள் சுரங்கத்துச் சோதனைக்காரர்கள் வந்துவிட்டார்கள். காலை நேரம். கூரைத் தகட்டை நெம்பினார்கள். கடப்பாரை போட்டு அடுப்பை நோண்டினார்கள். கணக்குச் சொல்ல முடியாத தங்கம் கிடைத்தால் கேஸ், வேலை போகும். வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். போன மழைக்காலத்தில் எதிர் வரிசைக் குடும்பம் ஒன்று அப்படித்தான் சாமான்களோடு தெருவில் உட்கார்ந்திருந்தது. நான், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். எங்களுக்குப் போக வேறு இடம் கிடையாது.

அரிசி டின் பின்னாலிருந்து புத்தகம் வந்தது. அவர்களின் தலைவர் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் மின்னியது.

"இன்னாயா இது?"

"புத்தகம்."

"அது தெரியுது. மேல பூசிக் கீதே, அது இன்னா?"

"எனக்குத் தெரியாது."

"கல்லு அரைக்கிற மில்லுலேர்ந்து தங்கப் பொடி கொண்டாந்து பூசினியா?"

"திருடுறவன் உருக்கி விப்பான் சார். எவனாவது புத்தகத்துக்குப் பூசுவானா?"

"வாய மூடு. நீங்க எதெதுல மறைப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

ஃபோர்மன் கொடுத்தது என்றேன். எங்கே அவர் என்றார்கள். அவர் முந்தின நாளே பங்காருபேட்டை போய் மெட்ராஸ் ரயில் ஏறிவிட்டார். என் ஒரே சாட்சி கப்பலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

புத்தகத்தை அதே சாக்கில் சுற்றி என் தலையிலேயே வைத்து நடத்திக்கொண்டு போனார்கள். லைன் முழுக்க வாசலில் நின்றது. தங்கம் பரிசோதிக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

சுரங்கத்துக்குள் கேஜில் இறங்குகிற ஒவ்வொருவனும் தங்கம் நிறைய வரட்டும் என்று கும்பிட்டுத்தான் இறங்குவான். என் அப்பாவும் அப்படித்தான் கும்பிட்டார். நான் அன்று, சாமி இது தங்கமாக இருக்கக் கூடாது என்று கும்பிட்டேன். அந்த ஊரில் அப்படி வேண்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பயத்தை விடக் கோபம் அதிகம். எவனோ பணக்காரன் காருக்கு ஒரு புத்தகம் போட்டு, அதற்குத் தங்கமும் பூசினால், அதற்காக என் பெண்கள் தெருவில் படுக்க வேண்டுமா?

உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஆள் பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, தூளைச் சின்னக் கிண்ணியில் போட்டு, ஒரு சொட்டு ஆசிட் விட்டார். தங்கம் என்றால் அது பாட்டுக்குக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். இது நுரைத்தது. புகைந்தது. பச்சையாகிவிட்டது.

"பித்தளை," என்றார்.

"இன்னொரு தபா பாருங்க சார்," என்றார் தலைவர்.

அடுத்த ஓரத்தையும் சுரண்டினார். "இதுவும் பித்தளை. உள்ள கீற காரையும் சுரண்டிப் பாக்கட்டுமா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. தலைவர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் புரட்ட ஆரம்பித்திருந்தார்.

"இது இன்னா ஸ்பீடு போவும்?" என்று என்னையே கேட்டார்.

"தெரியாது சார்."

"பூதிகோட்டை ரோட்டுல வுட்டா அடி தட்டிடும்," என்றார் ஆசிட்காரர். "தரையோட தரையா கீது பாரு."

"மழை வந்தா இன்னா பண்ணுவான்? கூரையே இல்ல."

மன்னிப்பு என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை. கடைசிப் பக்கம் வரை அவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பும்போது கனமே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் நின்றிருந்தான். "இன்னா சொன்னாங்க?"

"பித்தளையாம். உனக்கு இனாம் இல்ல, போ."

"நானா? நான் இன்னா பண்ணேன்?" என்று உள்ளே போய்விட்டான்.

என் வீட்டில் எல்லாம் மூட்டையாக இருந்தது. பாத்திரங்களைப் புடவையில் போட்டு முடிந்து, பாய்களைச் சுருட்டிக் கட்டி, பெண்களுக்குத் தலை வாரி உட்கார வைத்திருந்தாள் மனைவி. என் முகத்தைப் பார்த்தாள்.

"பித்தளை," என்றேன்.

பாத்திர மூட்டையின் முடிச்சில் கை வைத்தாள்.

"இறுக்கிக் கட்டிட்டேன். வர மாட்டேங்குது. நீங்க அவுருங்க."

பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து அவள் பலகையில் அடுக்கினாள்.

"அடுப்ப நாசம் பண்ணிட்டுப் போயிட்டானுங்க," என்றாள். "மண்ணு கொழச்சுக் குடுங்க. அப்பறம்தான் சோறு."

வாளியை எடுத்துக்கொண்டு போய் மண் குழைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.