மணிவேலுக்கு எதிரே நின்றவன்

மணிவேல் போய்விட்டான்.

காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவன் மகள் போன் செய்தாள். "மாமா... அப்பா இல்ல மாமா..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. நெஞ்சுவலி என்று பிறகுதான் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் பலருக்கு அவனை லோடு வண்டி மணிவேலாகத்தான் தெரியும். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருகிறவன். ஒரு காலத்தில் அவன் மாநில ஹெவிவெயிட் பாக்ஸிங் சாம்பியன்... தெரிந்தவர்களும் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள்.

காரணம் உண்டு. நாங்கள் ஆடிய காலத்தில் அந்த எடைக்கு இந்தப் பக்கம் ஆளே கிடையாது. மாவட்டப் போட்டியில் ஹெவிவெயிட் பிரிவில் இரண்டே பேர். ஒருவன் மணிவேல். இன்னொருவன் நான்.

முதல் ரவுண்டில் என் குத்து ஒன்று அவன் காதோரம் நன்றாக விழுந்தது. அடுத்த ரவுண்டில் அவன் என்னைப் படுக்கப் போட்டான். கண்ணைத் திறந்தால் அவன் முகம்தான் தெரிந்தது. கிளவுஸைக்கூடக் கழற்றாமல், இரண்டு கைக்கும் நடுவே தண்ணீர் பாட்டிலை இடுக்கிக்கொண்டு, "குடிப்பா... மெதுவா" என்றான். பாதித் தண்ணீர் என் கழுத்தில் போனது.

மாநிலப் போட்டியில் அரையிறுதியில் அவனோடு மோத வேண்டியவனுக்குக் காய்ச்சல். ஆடாமலே ஜெயித்த கணக்கு, வாக்ஓவர். அப்புறம் ஃபைனலில் ஜெயித்தான். ஊரில் மாலை போட்டார்கள், கூடவே ஒரு பெயரும் வைத்தார்கள். 'வாக்ஓவர் மணி.'

பிறகு கல்யாணம், பிழைப்பு... அவனுக்கு வண்டி. எனக்குக் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. என் வீட்டுக்காரி இறந்துபோன பிறகு எனக்குச் சாயங்காலம் என்றாலே பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை பெஞ்சுதான். அவனும் வந்துவிடுவான்.

சமீபத்தில் யாரோ அந்த ஃபைனல் வீடியோவை ஆன்லைனில் போட்டுவிட்டார்கள். மங்கலான வீடியோ. தடித்த ஆட்கள் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார்கள்... கீழே கமெண்ட் எல்லாம் கிண்டல்.

செல்போன் கடை பாபு அதை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினான். "கோச்சிக்காதீங்கண்ணே... நீங்க ஓவர்ரேட்டட். எதுருல ஆளே இல்லாம சாம்பியன் ஆய்ட்டீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஆளே இல்லியா? அப்ப நான் இன்னா, மண்ணு மூட்டையா?" என்று எகிறினேன்.

மணிவேல் சிரித்தபடி டீயைக் குடித்தான். "பையன் கரெக்ட்டாத்தான் சொல்றான்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் இதே வழக்குதான். அவனுக்கு நான் வக்கீல். அவனோ எதிர்த்தரப்புச் சாட்சி.

ஒருநாள் கடைக்கு லீவு விட்டு அவனோடு வண்டியில் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி ஏறும்போது மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அவனுங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டறியே... நீ ஜெயிச்சது சும்மான்னா, உன்கிட்ட தோத்த நான் யாருப்பா?"

பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். அவன் பாட்டுக்கு வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு இருந்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிமலையில் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தான். "ஏதோ பேசிக்கினே வந்தியே, இன்னா?"

"காது கேக்கலியா உனக்கு?"

"இந்தக் காது கேக்காதுப்பா." இடது காதைத் தொட்டுக் காட்டினான். "உன்கூட ஆடனதுலருந்து."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னான்.

"டீக்கடையில நீ இந்தப் பக்கம் குந்திக்கினு கத்தறதுல பாதி எனக்கு வௌங்காது. எல்லாம் சிரிக்கறாங்கன்னு நானும் சிரிப்பேன்."

"ஏன்யா இத்தினி வருசமா சொல்லல?"

"சொன்னா நீ வரமாட்ட."

நான் நகர்ந்து அவனுடைய வலது பக்கம் போனேன். அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

வண்டியில் சாய்ந்துகொண்டான். "நான் எப்பிடின்னு எனக்குத் தெரியாதுப்பா. ஆனா நீ சும்மா ஆளுன்னா, இந்தக் காது இன்னாத்துக்குப் போச்சு?"

அதன் பிறகு பெஞ்சில் அவனுக்கு வலது பக்கமாக உட்கார ஆரம்பித்தேன். அப்போதும் அவன் பாபு பக்கம்தான் பேசினான்.

இன்று மதியம் ரிஷிவந்தியம் பக்கம் அவன் ஊருக்குப் போனேன். பந்தலில் கூட்டம் கம்மி. எனக்குப் பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள். "நல்ல மனுசன்தான்... பாக்ஸிங்லாம் சும்மா. வாக்ஓவர்ல வந்தது."

திரும்பிப் பார்த்தேன். மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டேன். அவன் இல்லாமல் யாருக்காகச் சண்டை போடுவது...

அவன் மகள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நர்சிங் படிக்கிற பெண். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"மாமா... எங்கப்பா நெஜமாவே பெரிய பாக்ஸரா? ஆளுக்கொன்னு சொல்லிக்கினு கீறாங்க."

இத்தனை நாள் டீக்கடையில் கத்தியதை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"நான் ஆடனது அவன் ஒருத்தன்கூடத்தான்மா. வேற யாரையும் எனக்குத் தெரியாது."

அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து அவள் அம்மாவிடம் போனாள்.

எல்லாம் முடிந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சியில் இறங்கினேன். டீக்கடையில் பாபு என்னைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். "அண்ணே... ஒக்காருங்கண்ணே" என்று இடம் விட்டான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

வேண்டாம்ப்பா என்று கை காட்டிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

போய் வா மணிவேலு...

நாளைக்குச் சாயங்காலம் எங்கே போவது என்று தெரியவில்லை.