மூச்சு விட்ட இடமெல்லாம் காமா

போன வாரம் ஆபீஸ் மெயில் ஒன்றை எழுதி முடித்து அனுப்பப் போகும்போது, கணினி என் ஆங்கில வாக்கியங்களுக்குக் கீழே நீலக் கோடு போட்டது. ஒரே ஒரு தட்டுதான் தட்டினேன், என் காமாக்களில் பாதி காணாமல் போய்விட்டன. திட்டு இல்லை, தலையில் அடித்துக்கொள்ளல் இல்லை. இவ்வளவு மரியாதையாகத் திருத்தினால் யாருக்குத்தான் உறைக்கும்? எனக்கு ஸ்டெல்லா ஞாபகம் வந்துவிட்டது. கூடவே எலுமிச்சை பிழிந்த போஹா, அதாவது புனேக்காரர்களின் அவல் உப்புமா வாசனையும் வந்தது. ஏனென்றால் என் ஆங்கிலம் திருத்தப்பட்டதெல்லாம் ஆபீஸ் கேன்டீனில், போஹா தட்டுகளை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான்.

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிது. வானவடியில் நான்கு பெண்கள் சேர்ந்து எடுத்த வீடு. வெளிநாட்டுக்காரர்களின் புகார்களுக்கு மெயிலில் பதில் எழுதுகிற வேலை. பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆங்கில டீச்சர், சத்தமாக வாசிக்கும்போது காமா வந்தால் மனதுக்குள் ஒன்று எண்ணு, புள்ளி வந்தால் இரண்டு எண்ணு என்று சொல்லியிருந்தார். வாசிப்பதற்குச் சொன்னதை நான் எழுதுவதற்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே ஒரு காமா. லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில், மாடி ஏறி வந்த கையோடு எழுதிய மெயில்களில் இன்னும் நாலு கூடுதலாக இருக்கும்.

ஸ்டெல்லா எனக்குப் பக்கத்து நாற்காலி. என் வயதுதான். புனேவிலேயே, தாபோடியில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அங்கே ஒரு ராணுவக் கல்லூரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஆகவே வீட்டுக்குள் நெல்லைத் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தியும் மராத்தியும். என் மெயில்களை அச்செடுத்து வந்து, சிவப்புப் பேனாவால் காமாக்களை ஒவ்வொன்றாக அடிப்பாள்.

“ஏட்டி, ஒனக்கு ஆஸ்துமாவா? காமா மூச்சு விடுததுக்கு இல்ல. படிக்கவனுக்குப் புரியுததுக்கு.”

“சொல்றப்ப நிறுத்தறேன்ல? அதான் போட்டேன்.”

“அரே, மேனேஜர்னு எழுதி ஒரு காமா. அப்புறம் ஒப்புக்கிட்டார்னு எழுதுத. அந்த மனுஷனையும் அவர் செஞ்ச காரியத்தையும் எதுக்குட்டி பிரிக்க?”

அடித்ததோடு விடமாட்டாள். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் நான் விட்டிருந்த காமாவை அவளே போடுவாள். இரண்டு முழு வாக்கியங்களை ஒரு காமாவால் ஒட்டியிருந்தால், நடுவில் புள்ளி வைத்து வெட்டிவிடுவாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் என் தட்டிலிருந்து வேர்க்கடலையைப் பொறுக்கித் தின்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வெளிறிய முகத்தோடு வந்தாள். அப்பாவுக்கு ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையாருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டார். ஆனால் மேடை ஏறினால் அவருக்குப் பேச வராது.

“என்னைய வாசிக்கச் சொல்லுதாங்க. எனக்குத் தமிழ் எழுத்தே தெரியாதுன்னு அவங்களுக்கு மறந்துட்டு. போன கிறிஸ்மஸுக்கு மனப்பாடம் பண்ணி நாலு வரி சொல்லப் போயி, பாதியில நின்னுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. இந்தத் தடவ சிரிச்சா அப்பாவுக்குத் தாங்காதுட்டி.”

அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அவள் ஒரே மகள்.

யோசனை அவளுடையதுதான். நான் தமிழில் வாசிக்க வேண்டும், அவள் அதை ஹிந்தி எழுத்தில் எழுதிக்கொள்வாள். “நீ எங்க நிறுத்துதியோ அங்க நான் காமா போட்டுக்கிடுதேன். அப்பதான் தமிழ்க்காரி வாசிச்ச மாதிரி இருக்கும்” என்றாள். எனக்குத் தினமும் பாடம் எடுத்தவள் சொல்கிற பேச்சா இது? சொல்லிக் காட்ட ஆசைதான். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை அவள் ஸ்கூட்டியில் தாபோடிக்குப் போகும்போது நல்ல மழை. முழுக்க நனைந்தோம். அவளுக்குப் புனே மழையில் ஊறிய உடம்பு, ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அப்பா விருந்துக்குக் கோழி சொல்ல வெளியே போயிருந்தார். நான் வாசித்தேன், உறிஞ்சினேன், துண்டால் மூக்கைத் துடைத்தேன், மறுபடி வாசித்தேன். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுத்து எனக்குத் தெரியாது, அதனால் சரிபார்க்கவும் இல்லை.

ஞாயிறன்று சபையார் முன்னால் நின்று அவள் வாசிக்கத் தொடங்கினாள். முதல் வாக்கியத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“இந்த ஊர்... எனக்குச்... சோறு... போட்டது.”

அத்தனையும் என் ஜலதோஷம். நான் உறிஞ்சிய இடம், துடைத்த இடம், தும்மலுக்கு முன்னால் வாயைத் திறந்து காத்திருந்த இடம், ஒன்றைக்கூட அவள் விடவில்லை. இப்போது சிரிக்கப் போகிறார்கள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்தார். அவருக்குப் பக்கத்திலும் ஒருவர் எடுத்தார். மகள் அழுகையை அடக்கிக்கொண்டு வாசிக்கிறாள் என்று சபை முழுக்க நினைத்துவிட்டது. முன்வரிசையில் அவள் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது பக்கத்தில், “என் மனைவி கிரேஸ்” என்று வாசித்துவிட்டு நெடுநேரம் நின்றாள். ஐயோ, அங்கே நான் எத்தனை தும்மல் போட்டேனோ என்று எனக்குக் குற்றவுணர்ச்சி தாங்கவில்லை.

பிரியாணித் தட்டோடு அவளை ஓரமாக இழுத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும்டி. ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிட்டு. ஆனா காமாவ விட்டா எடம் தொலைஞ்சிரும்னு பயம். அப்படியே வாசிச்சிட்டேன்.”

“அம்மா பேர்கிட்ட ரொம்ப நேரம் நிறுத்திட்டியே, அதும் என் தும்மல்தானா?”

“அங்க காமாவே இல்ல” என்றாள்.

அதற்கப்புறம் நான் வேறு கம்பெனி, அவள் வேறு ஊர். அவள் அப்பா போன வருடம் காலமானார். தாபோடி வீட்டைக் காலி செய்தபோது, அந்த ஹிந்தி எழுத்துத் தாள்களை யாருடைய பள்ளிக்கூட நோட்டோ என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்களாம். போனில் அவள் அதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா கைப்படத் தமிழில் எழுதிய இரண்டு பக்கமும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. எடுத்து எடுத்துப் பார்க்கிறாளாம். வாசிக்கத்தான் முடியவில்லை.